திறக்கச் சொன்ன ஜன்னல்

பக்தவத்சலத்துக்குக் காற்றை அளக்கிற உத்தியோகம். கல்பாக்கத்தில் எங்கள் அலுவலகக் கோபுரத்தின் உச்சியில் சுற்றும் கிண்ணங்களைக் கவனித்து, வேகம் இவ்வளவு, திசை இது என்று எழுதி வைப்பார். பதினாறு வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால், தெரியாது என்று சொல்ல மட்டும் அவருக்கு மனசு வராது.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கப் போன குப்பத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முந்தின நாள் கடலில், மேகத்திலிருந்து தண்ணீர்வரைக்கும் ஒரு தூண் சுழன்றுகொண்டே போனதைக் கட்டுமரக்காரர்கள் பார்த்திருந்தார்கள். அது கரையேறினால் என்ன செய்வது என்று கேட்டவள் வச்சலா. அவருக்கு வழக்கமாக மீன் கொடுப்பவள்.

இவர் மணலில் படம் போட்டே விளக்கினார். சுழல்காற்றின் நடுவில் காற்றழுத்தம் குறைவு, வீட்டுக்குள் அதிகம். ஜன்னலை மூடி வைத்தால் வீடு உள்ளேயிருந்து வெடித்துவிடும். அதனால் முதல் வேலை, ஜன்னலைத் திற. எல்லாம் ஏதோ பழைய புத்தகத்தில் படித்தது. வச்சலாவின் புருஷன் சடையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“காத்து வந்தா நாங்க கதவச் சாத்திகினு, சொவத்தோரம் தலையக் குனிஞ்சி குந்திக்குவோம் சார். தொறந்து வுட்டா உள்ள பூந்துக்குமே?”

“அது உனக்குப் புரியாது சடையா. இது விஞ்ஞானம்” என்றாராம் இவர். பிற்பாடு இதை என்னிடம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றே வாரத்தில் அது வந்தது. ஐப்பசி மழை, மத்தியானம் மூன்று மணி. கடலில் கிளம்பிய சுழல், குப்பத்தின் வடக்கு ஓரத்தை உரசிவிட்டுப் போனது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. சடையன் ஆறு வயசு மகள் அனுவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். வச்சலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“படிச்ச சார் சொல்லிகீறாரு, தொறய்யா!”

இழுபறியில் அவள்தான் ஜெயித்தாள். ஜன்னல் திறந்ததும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலே கிளம்பி, துண்டு துண்டாக உள்ளேயே விழுந்தது. அனுவின் வலது முழங்கால் நொறுங்கிப்போனது.

பிள்ளை பிழைத்தது, காலை இழுத்து நடந்தது. பழி மட்டும் சடையன் தலையில் விழுந்தது. முதலிலேயே திறக்க விட்டிருந்தால் கூரை நின்றிருக்கும், பிள்ளைக்குக் கால் நன்றாக இருந்திருக்கும் என்று வச்சலா ஓயாமல் சொன்னாள். குப்பம் அதை நம்பியது. சடையனும் நம்பினான். “சொன்னதைக் கேட்டிருக்கலாம், பாவம்” என்று பக்தவத்சலம்கூட உச்சுக்கொட்டினார்.

இரண்டாயிரத்தில் எங்கள் நூலகத்துக்கு ஒரு புதுப் புத்தகம் வந்தது. சுழல்காற்றில் இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதியது. அழுத்தத்தால் வீடு வெடிப்பதில்லையாம். அழுத்தம் சமமாவதற்கு வீட்டில் இருக்கிற இடுக்குகளே போதுமாம். வேகமாக ஓடும் காற்று கூரையை மேலே இழுக்கிறது. திறந்த ஜன்னல் வழியாகப் புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளினால், குடைக்குள் காற்று புகுந்த கதைதான். ஜன்னலைத் தேடி ஓடக்கூடாது. அதை விட்டு விலகி, வீட்டின் உள்பக்கம் கெட்டியான சுவரோரம் தாழ உட்கார்ந்து, தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

பக்தவத்சலம் படித்துவிட்டுப் புத்தகத்தை என் மேஜையில் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சடையன் சொன்னதுதாங்க சரி.”

“போய்ச் சொல்லிட்டு வாங்க. இன்னிக்கே.”

“சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

மூன்று வருடம் யோசித்தார். மீனைக்கூட சதுரங்கப்பட்டினத்தில் வாங்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் போகவில்லை. அவர் வாயால் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் பயம்தான், வேறொன்றுமில்லை.

2003 தை மாதம். மஞ்சள்காமாலையில் சடையன் போய் நாலு நாள் ஆகிறது என்று அலுவலக பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். மறுநாள் காலை பக்தவத்சலம் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார்.

வச்சலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.  

“உனுக்கு எப்ப தெரியும் சார்?”

“மூணு வருஷமா.”

“அந்த ஆளு உசுரோட கீறப்ப வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எம் பொண்ணு கால நாந்தான் கெடுத்துட்டேன்னு சொல்லிகினே பூட்டாரு சார்.”

பக்தவத்சலம் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதைக் கவனிக்காமல் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். பன்னிரண்டு வயசு அனு காலை இழுத்துக்கொண்டு வந்து நிலைப்படியைப் பிடித்து நின்றாள்.

“ரெண்டு வர்சமா இவ அப்பங்கிட்ட பேசல. கடைசி வரிக்கும் பேசல. எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லு சார்.”

பக்தவத்சலம் சொன்னார்.  உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லம்மா, அவர் செஞ்சதுதான் சரி, தப்பு என்னோடது என்று சொல்லி முடித்தார்.

அனு நிலைப்படியை விட்டு ஓரடி முன்னே வந்தாள்.

“எங்கப்பாவுக்கு இது தெரியுமா சார்?” என்று கேட்டாள்.