என்னுடைய வரியை வைத்தேன்

புயலன்று தேங்காப்பட்டணத்தில், கடலில் இருந்தவர்களின் பட்டியலை நானும் ஷீபாவும் இரண்டு கம்ப்யூட்டர்களில் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரே பெயரை இருவரும் ஒரே சமயத்தில் மாற்றினால், யாருடையதை வைப்பது என்று திரை கேட்கும்.

ஒரு விசைப்படகு கரை சேர்ந்ததாகப் போன் வந்தது. அதில் போன ஒன்பது பேருக்கும் 'வந்துவிட்டார்' என்று போட்டேன். இறங்கியவர்களிடம் பேசிய ஷீபாவோ சேவியருக்கு மட்டும், 'நடுக்கடலில் வேற்றூர் வள்ளத்துக்கு மாறினார், தெற்கே தேட வேண்டும்' என்று எழுதியிருந்தாள். திரை கேட்டது. என் வேலையில் யாரும் கைவைப்பது எனக்குப் பிடிக்காது. படிக்காமலே என்னுடையதை வைத்தேன்.

சேவியரின் மனைவி வந்தார். "மக்கா, எங்க வீட்டு ஆளு வந்தாச்சா?"

"வந்தாச்சு அக்கா, சமாதானமா போங்க."

தெற்கே யாரும் தேடவில்லை. சேவியர் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் ஷீபா கேட்டாள்: "ஏலே, நான் எழுதினத நீ வாசிக்கவே இல்லியா?"

பழைய பதிவுகளைத் திறந்தால் அவள் வரி இன்றும் இருக்கிறது, நான் அதைத் தள்ளிய நேரத்தோடு. சேவியரின் மனைவிக்கு அது தெரியாது. பார்க்கும்போதெல்லாம் என்னைத் தேற்றுகிறார்: "போன்ல தப்பா சொன்னதுக்கு நீ என்ன செய்வ மக்கா?"

நான் தலையாட்டுகிறேன்.