‘மாறோம்’ என்றொரு பல்லவி

நேற்று காலை குளியலறையில் ஒரு கரப்பான். என் மனைவி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் நல்ல தமிழ்தான் பேசுவாள். பூச்சியைக் கண்டால் மட்டும் இந்தி வந்துவிடும். “மாரோ! மாரோ!” என்று கத்தினாள். அடி, அடி என்று அர்த்தம். செருப்பும் கையுமாக ஓடிய நான் அப்படியே நின்றுவிட்டேன். கரப்பான் தப்பித்துக்கொண்டது. இந்த முலுண்ட் ஃபிளாட்டில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அதோடு போயிற்று.

கரப்பானுக்குப் பயப்படுகிறவன்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் நேற்று பயந்தது அந்தச் சொல்லுக்கு.

கல்யாணத்துக்கு முன்னால், தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் லேபர் கேம்ப்பில் இருந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டுக் கட்டிப் பாடுவோம். பகலில் எனக்குக் கூரியர் ஆபீஸ், சாயங்காலம் டிரம். பாடுகிறவள் இசக்கி. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இன்றைக்கும் எங்கேயாவது தோல் ஒட்டும் பசை வாசனை அடித்தால் அவள் குரல்தான் ஞாபகம் வருகிறது. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் போனில் அடித்து வைத்துக்கொள்வாள். வாயைத் திறந்தால் மட்டும் திருநெல்வேலி தெறிக்கும்.

அந்த வருஷம் வீடுகளை அளக்க ஆட்கள் வந்தார்கள். கதவுகளில் பெயின்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். இடித்துக் கட்டப்போகிறார்கள், நம்மை எங்கோ தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சந்து முழுக்க இதே பேச்சு. இசக்கி ஒரு பாட்டுக் கட்டினாள். பல்லவி: “வீடு மாறோம், தெரு மாறோம்.”

“மாற மாட்டோம்னு போட்டா தாளத்துல இடிக்குதுல. மாறோம்னா கும்முன்னு உக்காருது” என்றாள். உட்காரத்தான் செய்தது.

பொங்கல் விழா மேடையில் அதைப் பாடினோம். இரண்டாவது தடவை பல்லவி வந்ததும் கூட்டமே வாங்கிப் பாட ஆரம்பித்தது. கூட்டத்தின் வாயில் வீடும் தெருவும் காணாமல் போயின. கடைசி ‘ம்’மும் போயிற்று. “மாறோ! மாறோ!” ஓரத்தில் நின்ற காவலர்கள் இருவரும் மராட்டிக்காரர்கள். அவர்கள் லத்தியைக் கையில் எடுத்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று அந்த நொடியே புரிந்தது. கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மைக்கை யாரோ அணைத்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் என்னையும் இசக்கியையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்குள் யாரோ எடுத்த வீடியோ, ‘அடிக்கச் சொல்லித் தூண்டுகிறாள்’ என்ற இந்தி வரியோடு போன்களில் சுற்ற ஆரம்பித்திருந்தது. கேஸ் போட்டால் அவளுக்கு வேலை போகும், ஜெயில்கூட வரலாம்.

“ஏட்டி, மாரியம்மன் பாட்டுன்னு சொல்லிருட்டி” என்று கிசுகிசுத்தேன்.

“சும்மா கெடல. அம்மன் வந்து சாட்சி சொல்லுவாளா?”

அதிகாரி கேட்டார்: “கிஸ்கோ மார்னேகா?” யாரை அடிக்கணும் என்கிறார்.

இசக்கி எழுந்து நின்றாள். “மார்னேகா நை ஸாப், தமிழ் ஹை. ஹம் லோக் ஜகா நை சோடேகா.” அடிக்கிறதில்லை, இது தமிழ், இடத்தை விட்டுப் போகமாட்டோம் என்று உள்ள அர்த்தத்தை அப்படியே சொல்லிவிட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். “யே தோ உஸ்ஸே பீ கராப் ஹை” என்றார். இது அதைவிட மோசமாம்.

எனக்கு முழுப் பயமும் அப்போதுதான் வந்தது. தப்பாகக் கேட்டுப் பிடித்தவர்கள், சரியாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றல்லவா நம்பியிருந்தேன்!

இசக்கியின் அப்பா வந்து கெஞ்சி, இனி அந்தப் பாட்டைப் பாடமாட்டாள் என்று வாக்குக் கொடுத்த பிறகு அனுப்பினார்கள். அடுத்த ஒத்திகையில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் இந்திக்காரர் காதால் கேட்டுப் பார்த்தோம். கோலி வேண்டாம், குண்டு என்று நினைப்பார்கள். சோறு வேண்டாம், திருடன் என்று கேட்கும்.

“சோத்தையும் எடுத்தாச்சுன்னா பெறவு நான் என்னத்தல பாடுதது?” என்றாள் இசக்கி. எழுந்து போனவள் திரும்ப வரவில்லை.

போன பொங்கலுக்கு லேபர் கேம்ப் போயிருந்தேன். இசக்கி கல்யாணமாகி, தூரத்தில் சீத்தா கேம்ப் என்ற இடத்தில் இருக்கிறாளாம். பாடுகிறாளா என்பது யாருக்கும் தெரியவில்லை. மேடையில் ஆளில்லை, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. “இப்பல்லாம் யாரும் சொந்தமாப் பாட்டுக் கட்டுததில்லையா?” என்று விழாக் கமிட்டிக்காரரிடம் கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி” என்றார்.

ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் எங்கள் பேச்சு யார் காதிலும் விழுந்திருக்காது. இருந்தாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.