காய்ச்சல் இல்லை என்றேன்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைக்கும் மூக்கு ஒழுகும். அதனால் அக்காவின் கைக்குழந்தைக்கு இருமல் வந்தபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஏட்டி, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழ குழி விழுது. பாலும் குடிக்க மாட்டேங்கான். ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள் அக்கா.

"தெர்மாமீட்டர்ல காய்ச்சலே இல்லக்கா. சாரல் சளிதான். நீ சும்மா பயப்படுத," என்று காலேஜ் படிக்கிற திமிரில் சிரித்தேன்.

சாயங்காலம் பையன் துவண்டுபோனான். தென்காசிக்கு ஓடினோம். டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்.

"நிமோனியா. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும். குழி விழுந்தப்பவே கொண்டு வந்திருக்க வேண்டாமா?"

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு டாக்டர்," என்றாள் அக்கா. தடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையன் தேறிவிட்டான். இன்றும் என்னை நம்பித்தான் அவனை விட்டுவிட்டு அக்கா வேலைக்குப் போகிறாள்.