நடுவில் வளைந்த கோடு

என் கணவருக்குக் கோபம் வராது. அவருடைய பங்கையும் சேர்த்து நானே பட்டுவிடுவதால், வீட்டில் மொத்தத்தில் எதுவும் குறைவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.டி.பி. கடை போட்டோம். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அட்டை, காதணி விழா அழைப்பிதழ் எல்லாவற்றையும் அவர் கம்ப்யூட்டரில் வடிவமைப்பார். அச்சடிப்பது வேறு பிரஸ்ஸில். நான் டைப் அடிப்பேன், பிழை திருத்துவேன், பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போச்சு என்று வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பேன். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எழுப்பி உட்கார வைப்பதும் நான்தான். அந்தப் படிப்பு படித்தவள் நான். அவர் அதற்கு முன் சுவரில் விளம்பரம் எழுதியவர்.

அவருடைய பெருமையெல்லாம் பார்டரில்தான் இருந்தது. எங்கள் மாதா கோயில்காரர்களுக்குத் திராட்சைக் குலை, பாய் வீட்டுக்குப் பிறையும் கொடியும், மற்றவர்களுக்கு மயில். எதுவானாலும் அதைச் சுற்றி இரட்டைக் கோடு உண்டு. அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடி முன்பக்கம் புடைத்திருக்கும். ஓரத்தில் போடும் கோடெல்லாம் வளைந்து தெரியும். அதனால் மேசை டிராயரில் ஒரு எஃகு ஸ்கேல் வைத்திருந்தார். கோடு போட்டதும் ஸ்கேலை மானிட்டர் கண்ணாடியின் மேலேயே வைத்துப் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். "கண்ணு பொய் சொல்லும், ஸ்கேல் சொல்லாது" என்பார் அவர். நானும் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

பத்து வருஷத்துக்கும் மேலாக அவர் வரைந்த பார்டரெல்லாம் ஒரே ஒரு பழைய தமிழ் டிசைன் புரோகிராமில் இருந்தது. அதை விட்டால் வேறு எதிலும் அவருக்குக் கை ஓடாது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு மழைக்காலத்தில் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. புதிது வாங்கினோம், தட்டை மானிட்டரோடு. அதில் பழைய புரோகிராம் திறக்கவே இல்லை.

வேறு புரோகிராம் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னேன். சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு இரண்டு வாய் சோற்றோடு எழுந்து கை கழுவினார். ராத்திரி தூங்காமல் புரண்டார். அந்தப் புரோகிராம் போனால் தன் வேலையே போய்விடும் என்று பயந்தார். அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இன்டர்நெட்டில் தேடியபோதுதான் விர்ச்சுவல் மெஷின் என்ற ஒன்றைப் பற்றிப் படித்தேன். புதிய கம்ப்யூட்டருக்குள், ஒரு ஜன்னல் மாதிரி, பொய்யாக இன்னொரு கம்ப்யூட்டரை ஓட வைப்பது. அந்த உள் கம்ப்யூட்டர் தன்னைப் பழையது என்றே நம்பிக்கொண்டிருக்கும்; பழைய புரோகிராம் அதில் ஓடும். மல்லுக்கட்டி நிறுவினேன். ஒரு காலையில் அந்த ஜன்னலுக்குள் அவருடைய புரோகிராம் திறந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நம்மளுது" என்று மட்டும் சொன்னார்.

சந்தோஷம் செத்த நேரம்தான். ஓடியது, ஆனால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. மயில் பதினாறே வண்ணத்தில் பொரி பொரியாகத் தெரிந்தது. ஒரு படத்தை நகர்த்தினால் நத்தை போன தடம் மாதிரி அது போன வழியெல்லாம் மிச்சம் கிடந்தது. மவுஸ் அம்பு இரண்டாகத் தெரிந்தது. "ஆவி புகுந்திருக்கு" என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்.

ஆவிக்கு என்னிடம் ஒரே மந்திரம்தான் உண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. எதை நிறுத்தும்போது கோளாறு போகிறதோ அதுதான் குற்றவாளி. உள் கம்ப்யூட்டருக்கென்று தனியாக, திரையில் படம் காட்டுகிற ஒரு டிஸ்ப்ளே டிரைவர் போட வேண்டும் என்று தெரிந்தது. போட்டதும் மயிலுக்கு நிறம் வந்தது. அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்று, படம் வரையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பட்டை இருந்தது. அதைக் குறைத்ததும் நத்தைத் தடம் போயிற்று. அடுத்து இரட்டை அம்பும் ஒன்றானது. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடமாடினேன், மறைப்பானேன்.

அப்போதுதான் செம்பட்டியிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. மயில் பார்டர் போட்டு, இரட்டைக் கோடு போட்டுவிட்டு அவர் கூப்பிட்டார். கோடு நடுவில் வளைகிறது என்றார். குனிந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

ஆனால் அவர் கண்ணை நான் சந்தேகப்படவில்லை. நூலளவு கோணலைக்கூட நான் பார்ப்பதற்கு முன் பார்த்துவிடுகிறவர் அவர். விர்ச்சுவல் மெஷினின் ஜன்னலைத் திரை முழுக்க இழுத்து வைத்திருந்தோம். இழுத்ததால் பிம்பம் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். அதன் சொந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இன்னும் வளைகிறது என்றார். திரையை அப்படியே படமாகப் பிடித்து வெளி கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். அதிலும் வளைகிறது என்றார். அப்படியானால் மானிட்டர்தான் என்று கேபிளைக் கழற்றி மாற்றினேன். எனக்குச் சலித்துவிட்டது. எனக்குத் தெரியாத வளைவு இவருக்கு மட்டும் எங்கிருந்து தெரிகிறது என்று கத்தினேன்.

அவர் டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். திரையின் மேல், கோட்டை ஒட்டி வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"இந்தா" என்றார், மெதுவாக. "ஸ்கேலும் வளையுது."

மதிய நேரம். வெளியே பஸ் ஹாரன் சத்தம். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவர் இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன். வளைகிறதா என்று கேட்டேன். வளைகிறது என்றார். கையை எடுத்து வலது கண்ணைப் பொத்தினேன்.

"இப்ப நேரா இருக்கு" என்றார். அவருடைய இமை என் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. நான் கையை உடனே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பீடத்து மெழுகுவர்த்தி நடுவில் ஒடிந்த மாதிரி தெரிந்ததாம். அப்போதுதான் சொல்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இம்புட்டு நாள் அந்தக் கெட்டுப்போன திரையவே பாத்துட்டு இருந்தேன்ல. அது கண்ணுல ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்றார். திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

மதுரையில் கண் டாக்டரம்மா ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டி, வலது கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். நடுக்கட்டங்கள் புடைத்து வளைகின்றன என்றார் இவர். விழித்திரைக்கு அடியில் நீர் கோர்த்திருக்கிறது. பெரும்பாலும் தானே வற்றிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம், வற்றாவிட்டால் வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் அந்தம்மா. கடைசியாக, இது மனக்கவலையாலும் வரும் என்று சொல்லி, தூக்கம் ஒழுங்காக உண்டா, மனசில் எதையாவது போட்டு உழப்பிக்கொள்கிறாரா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். இவருக்காகக் கோபப்பட நான்தான் உண்டு, கவலையை மட்டும் இவரே வைத்துக்கொள்வார் என்றேன்.

அதன் பிறகு நாற்காலி மாறியது. நான் வரைய, அவர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து சொல்வார். மயிலின் கழுத்தை எங்கே திருப்ப வேண்டும், கொடி எந்த மூலையில் மடங்க வேண்டும் என்று திரையைப் பார்க்காமலே சொல்வார். என் மயிலெல்லாம் கோழியாக வந்தன. வாடிக்கையாளர்கள் பெரிய மனது பண்ணினார்கள். இரவில் அவர் தூங்கிய பிறகுதான் நான் தூங்கினேன். அவர் கை அதுவரை எப்படி உழைத்திருந்தது என்பது, என் கை படாத பாடு பட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. கண் எப்படி இருக்கிறது என்று நான் தினமும் கேட்க நினைத்து, பயத்தில் கேட்காமலே இருந்தேன்.

மல்லிகை விலை இறங்கிய ஒரு கோடைக் காலையில் தாடிக்கொம்புக்காரர் ஒருவரின் பத்திரிகைக்கு இரட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கீழ்க்கோடு கோணலா இருக்கு" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அவர் இடது கண்ணைத் தடவிக் கண்டுபிடித்துப் பொத்தினேன். வலது கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னேன். இப்போதும் கோணல்தான் என்றார். இன்னொரு கையால் ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்தேன். ஸ்கேல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"ஸ்கேல் நேரா இருக்கு" என்றார். "நீ போட்ட கோடுதான் கோணல்."

நானும் பார்த்தேன். கோணல்தான், நூலளவு. எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் தப்பை அவர் சொல்லி, நான் சண்டைக்குப் போகாதது அன்று ஒரு நாள்தான்.