பேக்கரிக்கு எழுதிய எண்ணூறு வார்த்தைகள்

முறுக்கு எண்ணெய் படிந்த விரலால் என் போனின் திரையை மேலும் கீழும் தள்ளிப் படித்துவிட்டு, சிஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாரிகுப்பத்தில் கிளம்பிய ரயில் பங்காருபேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவர் நர்ஸ். எங்கள் பெட்டியில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். கல்யாணமாகி எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"ரெண்டையும் படிச்சேன். நல்லாத்தான் எழுதிகீற. ஆனா கடைய எத்தினி மணிக்குத் தெறப்பாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெங்களூரில் இணையதளங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். உள்ளூர்க்காரி என்பதால் எங்கள் ஊர் பேக்கரி ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த முதலாளிக்குத் தாத்தாதான் உலகம். தாத்தா அடுப்பு கட்டிய கதை, துரைமார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்பிய கதை என்று அவர் சொல்லச் சொல்ல, எண்ணூறு வார்த்தைகள் எழுதினேன். படித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வரி வெட்டக் கூடாதும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் ஆகியும் அதைப் படித்துவிட்டு ஒரு ஈ காக்கை கூடக் கடைப்பக்கம் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முதலாளி வேறு ஆளைத் தேடப்போவதாகச் சொன்னார். அவர் போனால் நீயும் கூடவே கிளம்பிவிடலாம் என்று என் மேனேஜர் சிரிக்காமல் சொன்னார்.

பயத்தில் தாத்தாவை மொத்தமாகத் தூக்கிவிட்டு, விலாசம், போன் நம்பர், கேக் வகைகள் என்று பத்தே வரியில் முடித்துக் காட்டினேன். கூட்டத்தில் ஆளைத் தொலைத்தவர் மாதிரி முதலாளி திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்க தாத்தா எங்கம்மா?" என்றார். அந்த இரண்டையும்தான் மறுநாள் ரயிலில் சிஸ்டரிடம் நீட்டியிருந்தேன்.

"அஞ்சு மணிக்கு" என்றேன்.

"சாயங்காலமா?"

"காலைல, சிஸ்டர். ஷட்டர ஒன்பதுக்குத்தான் தூக்குவாங்க. அதுக்கு முன்னாடி பின்வாசல்ல ரொட்டி குடுப்பாங்க."

எங்கள் ஊர் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் மேலே வருகிறவர்களுக்குச் சூடாக ரொட்டி கிடைக்கட்டும் என்று தாத்தா வைத்த பழக்கம் அது. சுரங்கத்தை மூடிய பிறகும் நேரம் மாறவில்லை, வாசலும் மாறவில்லை. ஊருக்கே தெரிந்ததை யாராவது எழுதுவார்களா? முதலாளியும் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து அந்தப் பின்வாசலில் பன் வாங்கித் தின்ற எனக்கும் தோன்றவில்லை.

சிஸ்டர் என்னை அடித்துவிடுவார் போலிருந்தது. "அடப்பாவிங்களா! ரெண்டு வருசமா காலி வயித்தோட அந்த ஷட்டருக்கு முன்னாடிதானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்துகினு இருக்கேன்!"

பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. படிப்பவர் எங்கோ இருக்கிறார் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தினமும் பசியோடு என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் புதிதாக எழுதி முடித்தேன். முதல் வரி இப்படி ஆரம்பித்தது: 'காலை ஐந்து மணிக்கே சூடான ரொட்டி கிடைக்கும், நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்காக எங்கள் தாத்தா வைத்த நேரம் இது. பின்வாசல் வழியாக வாருங்கள்.'

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். "தாத்தா மொதல் வரியிலயே வந்துட்டாரே" என்றார். மறுநாள் காலை பின்வாசலில் முதல் ஆளாக நின்றது சிஸ்டர். அடுத்த வாரத்தில் எங்கள் பெட்டியே பன் வாசனையோடு கிளம்பியது. என் வேலையும் தப்பியது.

சிஸ்டர் இப்போது மைசூரில் இருக்கிறார். அந்த பேக்கரிக்கு இன்னும் நான்தான் எழுதுகிறேன். இந்த வருடங்களில் முதலாளி என்னை ஒரு காற்புள்ளியைக்கூட எடுக்க விட்டதில்லை. போன வாரம் அவரே போன் செய்தார்.

"அந்தப் பின்வாசல் வரிய வெட்டிடும்மா. சந்துல ஜனம் நிக்க எடம் பத்தல. இப்பல்லாம் அஞ்சு மணிக்கே ஷட்டர தூக்கிடறேன்."

வரியை வெட்டிவிட்டு, உடனே சிஸ்டருக்குப் போன் போட்டேன்.