அத்தை எண்ணெய் ஊற்றச் சொன்ன கலங்கரை விளக்கம்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆம்பூரில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லட்டும். அந்த வாய்தான் அன்று மதராஸ் கடற்கரையில் எங்களுக்குக் கைகொடுத்தது.

ரங்கூன் தோல் மண்டிக்கு வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் கப்பலேறி ஊர் திரும்புகிறார் என்று தகவல் வந்திருந்தது. அடுத்து வந்த சேதி, கடலில் புயல். வரவேண்டிய நாளில் கப்பல் வரவில்லை. அவர் புறப்பட்டதிலிருந்து என் மாமியார் சாமி மாடத்து விளக்கை அணையவிட்டதே இல்லை. கடல் தாண்டிப் போனவருக்கு வீட்டு விளக்குதான் உயிர் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. காற்றடித்தால் முறத்தை மறைவாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த விளக்கைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, நாங்கள் இருவரும் அரக்கோணம் வழியாக ரயிலில் மதராஸ் போய்ச் சேர்ந்தோம்.

பொழுது சாய்ந்ததும் ஐகோர்ட் உச்சியில் கலங்கரை விளக்கை ஏற்றினார்கள். பளிச்சென்று அடித்தது, மறைந்தது, மறுபடி அடித்தது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அணையுதுடி. எம் புள்ள போய்ட்டான்" என்று மார்பில் அடித்துக்கொண்டார். எண்ணெய் ஊற்றச் சொல்லி வாசல் காவல்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். அவர், பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார்.

நான் அந்த வெளிச்சத்தையே நின்று பார்த்தேன். தோல் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள் நான். இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும் ஜோடி உலக்கையில் தாளம் தப்பினால் கை போய்விடும். இந்த வெளிச்சம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"எண்ணெய் தீர்ற விளக்கு தாளம் போடாது அத்தை. இது வேணும்னே பண்றது. பேசாம உக்காருங்க" என்று அதட்டினேன். உட்கார்ந்தார். அழுகையை மட்டும் நிறுத்தவில்லை.

விடிந்ததும் கப்பல் வந்தது. தாடியும் மெலிந்த உடம்புமாக அவர் இறங்கி வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அத்தை அவரைத் தடவித் தடவிப் பார்த்தபடி, முந்தின மாலை பட்ட பாட்டையெல்லாம் சொல்லி அழுதார். அவர் சிரித்துவிட்டார். புயலில் திசை தப்பி, எந்தக் கரை என்றே தெரியாமல் அலைந்தார்களாம்.

"ஒரேயடியா எரிஞ்சிருந்தா ஏதோ ஒரு வெளிச்சம்னு தாண்டிப் போயிருப்போம்மா. இந்தக் கணக்குல அணைஞ்சி அணைஞ்சி எரிஞ்சதாலதான் இது மெட்ராஸுன்னு கப்பல்காரர் கண்டுபுடிச்சாரு."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று காவல்காரரைப் பார்க்க நடந்தார். மறுபடியும் சண்டையோ என்று நான் பின்னால் ஓடினேன். அத்தையோ காவல்காரர் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"ஐயா, எண்ணெய் ஊத்திடாதீங்க. அது பாட்டுக்கு அணையட்டும்."