டிராக்டரின் மேல்கம்பி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்த அவசரகாலத்தில், மலாக்காவின் செலண்டார் பக்கம் தோட்டத்து டிராக்டர் ஓட்டினேன். டிராக்டரையும் கலப்பையையும் இணைக்கும் மேல்கம்பி உடைந்துவிட்டதால், கடையில் அளவு பார்த்துப் புதியது வாங்கி, சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். சாலைத் தடுப்பில் நின்ற காவலர்கள் அதைத் துப்பாக்கிக் குழல் என்று சந்தேகித்தார்கள்.

"டிராக்டர் சாமான்தாங்க," என்றேன்.

"மாட்டிக் காட்டுலா. சேரலன்னா ஸ்டேஷன்தான்," என்றார் அவர்களில் இருந்த தமிழர்.

ஜீப்பில் ஏற்றி, டிராக்டர் நின்ற இடத்துக்கே கொண்டுபோனார்கள். ஒரு முனையை மாட்டிவிட்டேன். மறுமுனையில் கம்பியின் துளையும் கலப்பையின் துளையும் விரலகலம் விலகி நின்றன. நீளம் தப்பாகிவிட்டதோ? முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி.

அந்தத் தமிழர் தன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சாய்ந்திருந்த கலப்பையைத் தோளால் முட்டி நிமிர்த்தினார்.

"இப்பப் போடுங்கண்ணே."

துளைகள் நேராகி, ஆணி இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி யார் பேசினாலும், எனக்கு அவர் முகம்தான் முதலில் தெரிகிறது.